மூணாம் மடையில் செத்தவன்

முத்திருளனுக்குப் பிடிக்காத படம் ஒன்று உண்டு. அதைத் திட்டாமல் அவன் ஒரு நாளும் டீ குடித்ததில்லை.

ஒத்தக்கடைக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வயசு ஐம்பது. குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். காலேஜ் பிள்ளைகள் ஏறினால் போதும், "என்ன படம்ப்பா பாத்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவான். ஐகோர்ட்டைத் தாண்டுவதற்குள் அந்தப் படத்துக்கு இவன் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பான். அப்பீல் கிடையாது.

பகல் பதினொரு மணிக்குச் சவாரி குறையும். வண்டியைப் பூ மார்க்கெட்டுக்கு வெளியே ஓரங்கட்டிவிட்டுப் பாண்டீஸ்வரி டீக்கடைக்கு வருவான். அங்கே இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஹரிராம். சௌராஷ்டிரா வீட்டு மனுசன், சுங்குடிச் சேலை வியாபாரம். மெதுவாக நகரும் படமென்றால் அவருக்கு உயிர். இன்னொருத்தன் ராம்கி. மார்க்கெட்டில் பூ மூட்டை தூக்குகிறவன். முப்பது வயசு. வெள்ளிக்கிழமை வருகிற எல்லாப் படமும் அவனுக்கு நல்ல படம்தான்.

"ஹரிண்ணே, நீங்க சொன்னீங்களேன்னு நேத்து அந்தப் படத்தப் பாத்தேன். ஒருத்தன் பத்து நிமிசம் சன்னல் வழியா வெளிய பாக்குறான். என்ன தெரியுதுன்னு நானும் எந்திரிச்சுப் போயி எட்டிப் பாத்தேன்" என்பான் ராம்கி.

"ஒனக்கு வெட்டு குத்து இருந்தாத்தான்டா படம். கறிக்கடையில போயி உக்காரு, டிக்கெட்டே வேணாம்" என்பார் ஹரிராம்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று முத்திருளன் நடுவில் நுழைவான். "எம்புட்டு மோசமான படமா இருந்தாலும் 'மூணாம் மட'க்கு முன்னால எல்லாம் தங்கம்."

அதோடு அன்றைய பேச்சு அவன் கைக்குப் போய்விடும்.

'மூணாம் மடை' என்கிற படத்தை அந்தக் கடையில் வேறு யாரும் பார்த்ததில்லை. ஆனால் கதை எல்லோருக்கும் மனப்பாடம். வீரணன் என்று ஒருத்தன், கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிடுகிறவன், அவன்தான் கதாநாயகன். இடைவேளைக்கு முன்னாலேயே மடையில் வைத்து அவனை வெட்டிக் கொன்றுவிடுகிறார்கள். இடைவேளை முடிந்து பார்த்தால் மண்வெட்டியோடு நடந்து வருகிறான். எதிரில் வருகிறவன் "சாப்ட்டியா வீரணா" என்று கேட்கிறான். அப்புறம் ஊர்த் திருவிழா, வீரணன் ஆட்டம் போடுகிறான். ஆட்டம் முடிந்த அடுத்த நிமிசம் ஊரே அவனுக்காக மாரடித்து அழுகிறது.

"செத்தவன் ஆடுறான், ஆடுனவனுக்கு எழவு விழுகுது! கிறுக்குப் பயதான் இப்பிடி எடுப்பான்!" என்று முத்திருளன் பெஞ்சில் தட்டிச் சொல்லும்போது டீ குடிக்கிறவர்களுக்குப் புரையேறும். கேட்டுக் கேட்டுப் பழகியவர்களும் சிரிப்பார்கள். அம்புட்டு நல்லா நடித்துக் காட்டுவான்.

அவன் இன்னொரு கதையும் சொல்வான். அது கிடாக் கதை. ஆட்டுக்கிடா எதுவும் ரோட்டில் குறுக்கே போனால் அது வரும். இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால், டி. கல்லுப்பட்டியில் ஒரு தியேட்டரில் அவன் வேலை பார்த்தான். மதுரையிலிருந்து பஸ்ஸில் படப்பெட்டி வரும். அதை இறக்கி, சைக்கிள் கேரியரில் கட்டித் தியேட்டருக்குக் கொண்டு போவது அவன் பொறுப்பு. ஒரு தடவை கிடா ஒன்று குறுக்கே பாய்ந்தது. இவன் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். பெட்டி திறந்து ரீல் டப்பாக்கள் ரோட்டில் உருண்டன. "ஆறாம் நம்பர் டப்பாவும் பத்தாம் நம்பர் டப்பாவும் வாயப் பொளந்திருச்சு. மூடி ரெண்டும் சாக்கடையில கெடக்கு. தொடச்சு, மூடி, ஒரே அமுக்கு! மேட்னிக்கு அஞ்சு நிமிசம் முன்னால பெட்டி ஆபரேட்டர் கேபின்ல இருந்துச்சுல்ல!" என்று மார் தட்டுவான்.

மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. 'மூணாம் மடை' எடுத்த டைரக்டரின் முகத்துக்கு நேராகவே அவன் சொன்னானாம். அந்த டைரக்டர் பேர் அழகுராஜா. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம்தான். சொந்த ஊர் ஆள் எடுத்த படம் என்று முதல் நாள் வண்டி கட்டி வந்த சனம், சீட்டைக் கிழித்துவிட்டுப் போனது. மூன்றே நாளில் படத்தைத் தூக்கிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் மெட்ராஸிலிருந்து அந்த மனுசன் ஓடி வந்து தியேட்டர் கேட்டில் நின்றார்.

"என்ன தம்பி, படத்த எடுத்துட்டாங்களாமே?"

"செத்தவன எந்திரிச்சு ஆடவிட்டா எடுக்காம என்னண்ணே செய்வாங்க?"

"அப்பிடி இல்லயே தம்பி படத்துல..."

"இல்லயா? இந்த ரெண்டு கண்ணால மூணு நாளும் பாத்தேன். எங்கிட்டயே கத விடுறீங்களா?"

அந்த மனுசன் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் படமே எடுக்கவில்லை. "நாட்டக் காப்பாத்துனது நாந்தேன்" என்பான் முத்திருளன்.

மூன்று கதையையும் இருபத்தெட்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரே நாளில் மூன்றையும் சொன்னதில்லை.

போன ஆடி மாசம் இது நடந்தது. முகூர்த்தம் இல்லாததால் மார்க்கெட் ஈயாடியது. ராம்கி செல்போனைத் தடவிக்கொண்டே வந்தான். முகமெல்லாம் பல்லு.

"அண்ணே, மாட்டுனீங்களா! 'மூணாம் மட' யூட்யூப்ல கெடக்கு. 'எங்க அப்பா எடுத்த ஒரே படம்'னு அந்த டைரக்டரு மக போட்டிருக்கு. நானூறு பேரு பாத்திருக்காய்ங்க."

முத்திருளன் துள்ளி எழுந்தான். "போடுறா! இன்னிக்கு இருக்கு கச்சேரி. பாண்டீஸ்வரி, பால எறக்கு, நீயும் வா!"

ஹரிராம் கையை நீட்டி மறித்தார். "முத்து, ஓட்டி ஓட்டிப் பாக்கக்கூடாது. முழுசாப் பாக்கணும். படம் நீ சொல்ற மாதிரி இல்லேன்னா, நம்ம கட வழக்கம் தெரியும்ல?"

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் தோற்றவன் பெஞ்சில் ஏறி நிற்க வேண்டும். ஒரு டீ ஆறுகிற வரைக்கும், தான் திட்டிய படத்தை எல்லோருக்கும் கேட்கப் புகழ வேண்டும். ராம்கி மாசம் ரெண்டு தடவை ஏறுவான். ஹரிராமே நாலு தடவை ஏறியிருக்கிறார். முத்திருளன் ஏறினதில்லை. அதுதான் அவனுக்கு அந்தக் கடையில் இருந்த மரியாதை.

"ஏறுறேண்ணே. படம் மட்டும் வேற மாதிரி இருந்தா, இந்தப் பெஞ்சுல ஏறிட்டு, அதுக்கப்புறம் சினிமாவப் பத்தி இந்த வாயத் தொறக்க மாட்டேன். போதுமா?"

சர்க்கரை டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்தார்கள். நாலு பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கண்மாய், வறண்ட வயல், தண்ணிக்குச் சண்டை. ஒரு மணி நேரம் ஆகப் போகிற சமயம் முத்திருளன் ராம்கியின் தொடையில் அடித்தான். "இந்தா, இப்ப மடைக்குப் போவான். வெட்டுவாய்ங்க பாரு."

வீரணன் மடைக்குப் போகவில்லை. கொட்டுச் சத்தம் கேட்டது. திருவிழா. வீரணன் ஆடினான்.

"ஆடுறானே?" என்றான் ராம்கி.

"இரு, இது கடைசியில வரணும்ல... என்ன எழவுடா இது. மாத்திப் போட்டிருக்காய்ங்க."

இடைவேளை என்று எழுத்து வந்தது. வீரணன் சாகவில்லை. அதன்பிறகு மண்வெட்டியோடு நடந்து வந்தான். "சாப்ட்டியா வீரணா" என்று எதிரில் வந்தவன் கேட்டான். உயிரோடு இருக்கிறவனைத்தானே கேட்கிறான்! அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அப்புறம்தான் மடை வந்தது. வீரணனை நாலு பேர் சேர்ந்து மடையில் வெட்டிப்போட்டார்கள். அவன் விழுந்து மடை அடைத்துக்கொண்டது. தண்ணி தேங்கி, அவன் தோளுக்கு மேல் ஏறி, கடைசி வயலுக்குப் பாய்ந்தது. அடுத்த நிமிசம் ஊரே மாரடித்து அழுதது. அழ வேண்டிய இடத்தில் அழுதது.

பாண்டீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுப்பில் வைத்த வெந்நீர் சுண்டிப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ராம்கி மூக்கை உறிஞ்சினான். படம் முடிந்தும் ஹரிராம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா படம்டா இது" என்றார் மெதுவாக.

"அண்ணே, நீங்க வேற படத்தப் பாத்துட்டீங்களோ?" என்று கேட்டான் ராம்கி. கிண்டலாகக் கேட்கவில்லை, நிசமாகவே கேட்டான்.

முத்திருளனின் கண் முன்னால் ஒரு கிடா குறுக்கே பாய்ந்தது. ரோட்டில் டப்பாக்கள் உருண்டன. சாக்கடையில் இரண்டு மூடி. ஒன்றில் ஆறு. ஒன்றில் பத்து. எந்த மூடியை எந்த டப்பாவில் போட்டு அமுக்கினோம் என்று அன்றைக்கு அவன் பார்க்கவே இல்லை. மேட்னிக்கு நேரமாகிவிட்டது.

பத்தாம் ரீல், ஆறாம் ரீலின் இடத்தில். ஆறாம் ரீல், பத்தாம் ரீலின் இடத்தில். மூணு நாள். தினமும் மூணு காட்சி.

முத்திருளன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

ஹரிராம் நல்ல மனுசன். இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்கு வழிவிடப் பார்த்தார். "விடு முத்து. அந்த ஆபரேட்டரு குடிச்சுப்புட்டு மாத்தி ஓட்டியிருப்பான். நாலு ஊரு ஓடி வந்த பிரிண்ட்டுல, ரீலோட நம்பர் எழுதுன தலப்புத் துண்டு கிழிஞ்சு போயிருக்கும். மூடியில இருக்குற நம்பரப் பாத்துத்தான ஓட்டுவாய்ங்க, போதையில மாறிப்போயிருக்கும். ஒம்மேல என்ன தப்பு? நீ பெஞ்சுல ஏற வேணாம்."

ஆபரேட்டர் காளை செத்துப் பத்து வருசமாகிறது. குடிக்கிற ஆள்தான். அவன் தலையில் போட்டால் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. 'ஆமண்ணே, அந்தக் குடிகாரப் பய' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கும் இந்தப் பெஞ்சு, இந்த டீ, இந்தத் தீர்ப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

முத்திருளன் செருப்பைக் கழற்றினான். பெஞ்சில் ஏறினான்.

"டீயப் போடு பாண்டீஸ்வரி."

அவள் போட்டு வைத்தாள். ஆவி பறந்தது. அந்தப் பக்கம் நின்ற பூக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள்.

"'மூணாம் மட' நல்ல படம்" என்று ஆரம்பித்தான். அந்தப் பெரிய குரல் கம்மிப் போயிருந்தது. "அந்தத் தண்ணி, தோளுக்கு மேல ஏறிப் போச்சே... அப்பிடி ஒண்ண நான் வேற எதுலயும் பாத்ததில்ல. நானும் சனமும் பாக்க வேண்டிய எடத்துல அதப் பாக்கல. ஏன்னா, காள மாத்தல. அவன் மூடியில இருந்த நம்பரத்தேன் ஓட்டுனான். மூடிய மாத்திப் போட்டவன் நானு. அந்தக் கிடாக் கத சொல்வேன்ல? அன்னிக்கு வந்த பெட்டி இந்தப் படந்தேன்."

ராம்கிக்குக் கையிலிருந்த செல்போன் நழுவியது. ஹரிராம் எழுந்து நின்றுவிட்டார். பாண்டீஸ்வரி வாயைப் பொத்தினாள்.

"அண்ணே! அந்த மனுசன் 'அப்பிடி இல்லயே தம்பி'ன்னு சொல்லியிருக்காரே. அவரப் போயி... சொந்த ஊரு சனம் முன்னால..." என்றான் ராம்கி.

"ஆமா. நாந்தேன்."

டீ ஆறிவிட்டது. அவன் இறங்கவில்லை. ஹரிராம்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே ராம்கியை விட்டு அந்தப் படத்துக்குக் கீழே எழுதச் சொன்னான். "அண்ணே, கல்லுப்பட்டி தியேட்டரில் உங்கள் படத்தின் ரீலை மாத்தினது பெட்டி தூக்கின நான்தான். கிறுக்கன் நான்தான். பேர் முத்திருளன், ஒத்தக்கடை." எந்தெந்த நம்பர் ரீல் என்று எழுத அவனுக்குத் தோன்றவில்லை.

நாலு நாள் பதில் இல்லை. கடைக்கு வந்தான், டீ குடித்தான், வாயைத் திறக்கவில்லை. ராம்கி வேண்டுமென்றே ஒரு குப்பைப் படத்தைப் புகழ்ந்து பார்த்தான். ஹரிராம் பதிலுக்கு ஏசிப் பார்த்தார். முத்திருளன் வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தீர்ப்புச் சொல்லாத கடையில் மற்றவர்களுக்கும் சண்டை ருசிக்கவில்லை.

ஐந்தாம் நாள், மாட்டுத்தாவணியில் ஆட்டோவில் ஆறு பேரை ஏற்றிக் கிளம்பப் போனவனை ராம்கி ஓடி வந்து மறித்தான். மூச்சு வாங்கியது.

"பதில் வந்திருச்சுண்ணே. அந்த மக எழுதியிருக்கு."

"என்னன்னு?"

ராம்கி செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். "'அப்பா இப்ப கல்லுப்பட்டி பக்கம் எங்க ஊர்லதான் இருக்காங்க. படிச்சுக் காட்டினேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. மாறினது ஆறும் பத்துமா?'"

முத்திருளனின் கை ஹேண்டில்பாரில் அப்படியே நின்றது. இவன் அந்த நம்பரை எழுதவே இல்லை. இங்கே இவன் சொல்லிச் சொல்லிச் சிரித்த இருபத்தெட்டு வருசமும், அங்கே அந்த மனுசன் தன் படத்தை மனசுக்குள் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்த்திருக்கிறார். எதை எங்கே வைத்தால் செத்தவன் ஆடுவான் என்று.

"அண்ணே, போலீஸ் விடாதுண்ணே, வண்டிய எடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள்.

"ஆமாம்னு போடு" என்றான் முத்திருளன்.

"வேற என்ன போட?"

முத்திருளன் கீழே இறங்கினான். ஏறியிருந்த ஆறு பேரையும் இறங்கச் சொல்லி, பின்னால் நின்ற ஆட்டோவில் ஏற்றிவிட்டான். சாவியை ராம்கி கையில் திணித்துவிட்டு, ராஜபாளையம் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தான். அந்த பஸ் கல்லுப்பட்டி வழியாகத்தான் போகும்.