வெறுங்காலில் எடுத்த அளவு

எங்க வீட்டுக்காரர் துரை பங்களாவுல பட்லர். மலாயாவுல, செமோர் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை ஏறி, துரைமாருங்க ஆளுக்கொரு மோட்டார் காரும் கோல்ப்பு மட்டையுமா அலைஞ்ச இருபதுகள் அது. நான் அதே பங்களாவுல துணி துவைக்கிறவ. சமைக்கிற குசினிக்குப் பின்னால எங்களுக்கு ஒத்தை அறை, அதுல மூணு மாசக் கைக்குழந்தை. அந்த அறைக்குச் சொந்தமா ஒரு கதவு இருந்துச்சு, மழைக்கு ஒழுகாது. கூலிக்காரங்க லயத்துல அஞ்சாறு குடும்பத்தோட இடிபட்டு வந்தவளுக்கு அது அரண்மனை. அதனாலதான் பங்களாவுல ஒரு கோப்பை கீழ விழுந்தாலும் முதல்ல ஓடிப்போய்ப் பார்க்கிறது நான்தான்.

சும்மா ஓடல. எங்களுக்கு முன்னால இருந்த பட்லர் துரையோட கண்ணாடிக் குடுவை ஒண்ணை உடைச்சுட்டான். பொழுது சாயுறதுக்குள்ள சட்டி பானையோட குடும்பமே ரோட்டுல நின்னுச்சு. அவங்க ஏறிப்போன மாட்டு வண்டியை லயத்து வாசல்ல நின்னு பார்த்தவ நான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில துரை எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நீள மட்டை ஒண்ணைக் கையில குடுத்தார். கோல்ப்புப் பந்தை ரொம்ப தூரத்துக்கு அடிக்கிற மட்டையாம், டிரைவர்னு பேராம். தலை கட்டை, பிடி தோலு, நடுவுல வழவழன்னு சீமை மரத்துத் தண்டு. துரைசானி பினாங்குக்குப் போயிருந்துச்சு. மறுநாள் ரயில்ல ஈப்போ வந்து இறங்குது. வந்ததும் இதைக் குடுத்து அசத்தணும்னு துரைக்கு ஆசை. ஆனா அது அவர் உயரத்துக்குச் செஞ்ச மட்டை. துரைசானி உயரத்துக்குத் தண்டைக் குறைக்கணும்.

"ஆசாரிகிட்ட குடுக்காதே, போன தடவை ஒண்ணைப் பொளந்துட்டான். நீயே செய். உன் பெண்டாட்டி அவ உயரம்தானே, அவளை நிக்க வச்சு அளந்துக்கோ"ன்னாராம்.

நம்ம ஆளு என்ன சொல்லியிருக்கணும்? "எனக்குத் தெரியாதுங்க துரை"ன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா? "சரிங்க துரை"ன்னு வாங்கிட்டு வந்துட்டார்.

"ஆழம் தெரியாம காலை விடுறீங்களே"ன்னேன்.

"தோலைப் பிரிக்கணும், மேல்பக்கம் அறுக்கணும், திரும்பச் சுத்தணும். இதுல என்ன சுசா லா, என்ன கஷ்டம்?"ன்னார். வாய்தான் அப்படிச் சொல்லுச்சு, மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

குசினி வாசல்ல என்னை நிக்க வச்சார். பந்துக்குப் பதிலா ஒரு எலுமிச்சம்பழம். தட்டு ஏந்திக்கிட்டு மாசக்கணக்கா துரைசானி ஆடுறதைப் பார்த்தவர், அதனால எனக்குப் பாடம் எடுத்தார். காலை அகட்டு, முதுகை வளைக்காதே, கையைத் தொங்கவிடு. புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அந்தக் கோலத்துல நான் நின்னதைப் பார்த்துக் கோழிகூட ஒதுங்கிப் போச்சு. என் கை பிடிச்ச இடத்துக்கு மேல கரிக்கட்டையால கோடு போட்டார்.

ரப்பர் காயவைக்கிற புகைக்கொட்டகையில இருந்து பொடிப்பல்லு ரம்பம் வாங்கிட்டு வந்திருந்தார். தோலைப் பிரிச்சா உள்ள தாரு மாதிரி ஒரு ஒட்டு. மரம் பிளக்காம இருக்கக் கோட்டை ஒட்டி நூலை இறுக்கிச் சுத்தினார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முருகா. துண்டு கீழ விழுந்ததும் ரெண்டு பேரும் மூச்சு விட்டோம். வெட்டின முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். என் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்துல காட்டி ஒட்டை இளக்கி, தோலைத் திரும்பச் சுத்தி, மிச்சத்தை நறுக்கிட்டு, மெழுகு நூலால கட்டினார். பொய் சொல்லக்கூடாது, கடையில வாங்கினது மாதிரியே இருந்துச்சு.

"பாத்தியா புள்ள?"ன்னு மீசையைத் தடவிக்கிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் துரைசானியோட வெள்ளைச் சப்பாத்தைச் சுண்ணாம்பு பூசி வைக்கக் கொண்டு வந்தார். கோல்ப்பு ஆடும்போது போடுற பூட்ஸு அது. பூசி முடிச்சு, காயட்டும்னு சுவரோரமா வச்சேன். பக்கத்துல மட்டை சாஞ்சிருந்துச்சு. குதி கனம் கனமா, அடியில ஆணி வேற. பார்த்துக்கிட்டே இருந்தவளுக்குப் பகீர்னுச்சு.

"ஏங்க, நான் வெறுங்காலோடல்ல நின்னேன்?"

அவருக்குப் புரியல. பொறந்ததுல இருந்து சப்பாத்துப் போடாத ரெண்டு பேரு அளவெடுத்தா சப்பாத்து எப்படி ஞாபகம் வரும்? துரைசானி சப்பாத்தைக் கழட்டினா நானும் அதுவும் ஒரே உயரம்தான். மாட்டிக்கிட்டா என் கொண்டைக்கு மேல பார்க்கும். துரை சப்பாத்தில்லாத நேரத்துல பொண்டாட்டியைப் பார்க்கிற மனுஷன், அவர் மனசுல அந்த அளவு. நாங்களும் அதையே புடிச்சுக்கிட்டோம்.

நான் ஒரு காரியம் பண்ணினேன். கதவைச் சாத்திட்டு அந்தச் சப்பாத்துக்குள்ள காலைத் திணிச்சேன். என் காலு அகலம், பாதிதான் போச்சு. அப்படியே நின்னு மட்டையைப் புடிச்சா, தலை தரையைத் தொடல. ரெண்டு விரக்கடை அந்தரத்துல தொங்குச்சு. அவர் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

"வெட்டின துண்டு எங்க? உள்ள வச்சு ஆணி அடிச்சு மேல தோலைச் சுத்திட்டா தெரியாதுல்ல?"

"நல்லாருக்கு! ஓங்கி அடிக்கும்போது பிச்சுக்கிட்டுப் போய் துரை மூஞ்சியில விழட்டும். அப்புறம் ரோடு இல்ல, ஜெயிலுதான்."

"துரைகிட்டப் போய்ச் சொல்லிரவா?"

"போய்ச் சொல்லுங்க. வண்டிக்கும் சொல்லிட்டு வந்திருங்க."

சொல்லிட்டேனே தவிர எனக்கே அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே அறையைச் சுத்திப் பார்த்தேன். பானை ரெண்டு, பாய் ஒண்ணு, தொட்டில் சேலை. மூட்டை கட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு மனசு பாட்டுக்கு யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவர் சோத்தைப் பிசைஞ்சு வச்சவர் வாயில வைக்கல.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல துரைசானியை ஏத்திக்கிட்டுக் கார் வந்துச்சு. பங்களா முன்னாடி புல்லுத் திடல்ல துரை மட்டையை எடுத்து நீட்டினார். அந்தம்மா சந்தோஷமா வாங்கி, உடனே வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கிட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் தேத்தண்ணித் தட்டோட நிக்கிறார், கோப்பையெல்லாம் கிலுகிலுன்னு ஆடுது. நான் குசினிப் படியில, ஈரத்துணி கையில.

அந்தம்மா காலை அகட்டி நின்னு மட்டையைக் கீழ இறக்குச்சு. அப்படியே நின்னுடுச்சு. தெரிஞ்சு போச்சு, எனக்கு உயிரே இல்ல. கிலுகிலுக்கிற தட்டைப் பார்த்துச்சு. படியில நின்ன என்னைப் பார்த்துச்சு, என் வெறுங்காலைப் பார்த்துச்சு. துரை என்னமோ கேட்டார். அந்தம்மா அவர்கிட்ட இங்கிலீசுல சிரிச்சுச் சொல்லிட்டு, எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பாகுஸ், பாகுஸ்"னுச்சு. மலாய்ல நல்லாருக்குன்னு அர்த்தம்.

மாரியாத்தா, உனக்குக் கூழ் ஊத்துறேன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். எவ்வளவு நல்ல மனசு, நமக்காகப் பொய் சொல்லுதேன்னு நினைச்சேன்.

அப்புறம் அந்தம்மா முட்டியை மடக்கி, முதுகை வளைச்சு அடிச்சுச்சு. பந்து செடிக்குள்ள போச்சு. துரை கத்தினார். மறுபடி அடிச்சுச்சு, மண்ணுதான் பறந்துச்சு. துரை மட்டையைப் புடுங்கி, இப்படின்னு காட்டி, திரும்பக் கையில திணிச்சு, இன்னும் சத்தமாக் கத்தினார். வார்த்தை எனக்குப் புரியல. குரல் புரிஞ்சுச்சு. குடுவை உடைஞ்ச அன்னிக்கு லயம் வரைக்கும் கேட்ட குரல். அது எங்களுக்கு மட்டும்தான்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தம்மா கழுத்து செவந்து போச்சு. சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு அடிச்சுச்சு, திரும்பவும் குனிஞ்சு அடிச்சுச்சு. மட்டை குட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோபம் எங்க மேல திரும்பியிருக்கும். அது சொல்லல. அவரே ஆசையாக் குடுத்ததைச் சரியில்லைன்னு சொல்ல அதுக்கும் தைரியம் இல்லைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு.

திங்கக்கிழமை துரை தோட்டத்தைச் சுத்திப் பார்க்கக் காரை எடுத்துக்கிட்டுப் போனதும், அந்தம்மா மட்டையோட குசினிப் பக்கம் வந்துச்சு. படியில உக்காந்து சப்பாத்தைக் கழட்டி என் பக்கத்துல வச்சுச்சு. புல்லுல வெறுங்காலோட நின்னு அடிச்சுச்சு. அளவு அச்சாப் பொருந்துச்சு. பந்து ரப்பர் பால்மரத்துக்கு மேல எகிறிப் போச்சு. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம்.

அதுக்கப்புறம் அந்தப் பங்களாவுல நாங்க இருந்த வரைக்கும் அப்படித்தான். துரை பார்க்க ஆடும்போது அந்தம்மா சப்பாத்துப் போட்டுக் கூனி ஆடும். அவர் இல்லாதப்போ குசினிக்குப் பின்னால வெறுங்காலோட நிமிர்ந்து ஆடும். நான் புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்து நிப்பேன். கார் சத்தம் கேட்டா இருமுவேன். உடனே ஓடிவந்து சப்பாத்தை மாட்டிக்கும். அவசரத்துல முடிச்சு விழாத நாள்ல, குனிஞ்சு நான்தான் கயிறு கட்டிவிடுவேன்.