பில்லர் இல்லாத கம்பிகள்

பாலவனத்தம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். ஒற்றைத் தளத்து வீடுகளின் மொட்டைமாடியில் மூலைக்கு மூலை கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். துருப்பிடிக்காமல் இருக்கக் காலி கலர் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது வெறும் கம்பி இல்லை. இந்த வீட்டுக்காரன் ஓய்ந்துவிடவில்லை, இன்னும் மாடி எடுப்பான் என்பதற்கு அடையாளம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களும் பார்த்தார்கள். அந்தக் கம்பிகளைக் கண்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். விருதுநகரில் வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். முன்பின் தெரியாதவர்கள்கூட எவ்வளவு ஆழத்தில் அஸ்திவாரம், எந்தக் கனத்தில் கம்பி என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். பிறந்த வீட்டில் மட்டும் நான் செல்லாக்காசு.

தம்பிக்கு மல்லாங்கிணற்றில் பெண் அமைந்தது. பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மகளும் மருமகனும் தனியாக இருக்க மாடியில் ஒரு வீடு. அப்பா உடனே தலையாட்டிவிட்டார். அம்மா போனில் அதைச் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு அந்த வீட்டுச் சுவர்கள்தான் கண்முன் வந்து நின்றன.

எங்கள் வீடு கட்டும்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. செங்கல் மேல் செங்கலாகச் சுவர் ஏறியது ஞாபகம் இருக்கிறது. பில்லருக்கு யாரும் கம்பி கட்டியதாக ஞாபகமே இல்லை. பில்லர் இல்லாத வீட்டில் சுவர்தான் மொத்தக் கூரையையும் சுமக்க வேண்டும். அதுவும் எங்கள் ஊர்க் கரிசலில். மழை பெய்தால் உப்பிக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். வீட்டையும் கூடவே தூக்கித் தூக்கி இறக்கும். ஹால் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் வருஷாவருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அப்பா அதில் சிமெண்டைப் பூசி, மேலே காலண்டரை மாட்டி வைத்திருந்தார். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற சுவர் அது. அதன் தலையில் இன்னொரு வீட்டைத் தூக்கி வைக்கப் போகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். வாசலில் அப்பாவும், மாடி வேலைக்குப் பேசியிருந்த புதுக் கொத்தனாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அப்பா, இந்த வீடு மாடி தாங்காது. ஜன்னல்கிட்ட விரிசலப் பாத்தீகளா?”

“அது பூச்சு வெடிப்பு. யார் வீட்லதான் இல்ல?”

கொத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தாயி, மேல கம்பி நிக்குதுல்ல? அப்ப கீழ பில்லர் இருக்குன்னுதான அர்த்தம்? அதப் பிடிச்சே மேல ஏத்திர வேண்டியதுதான்.”

“கீழ இருக்கான்னு நீங்க பாத்தீகளா?”

“அது சுவத்துக்குள்ளல்ல இருக்கும். எப்பிடிப் பாக்க?”

நான் மாடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குக் கிழக்கே காலி இடம் கிடக்கிறது. கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரைக்கும் குழி எடுத்து, அதற்கென்று தனியாக பில்லர் போட்டு, பழைய சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டலாம். பிறகு அதன்மேல் எத்தனை மாடி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். வரைந்தும் காட்டினேன். அப்பா அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

“மாடி கேட்டவுகளுக்கு ஓரமா ஒரு குச்சு வீட்டக் கட்டிக் குடுத்தா காறித் துப்ப மாட்டாகளா? கட்டிக்குடுத்த புள்ள நீ. வந்தமா, சாப்பிட்டமான்னு போ.”

கட்டிக்கொடுத்த பிள்ளை. கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை என்பதெல்லாம் அந்த வார்த்தைக்கு முன்னால் நிற்கவே இல்லை. அன்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

மறுபடி போனபோது மாடிச் சுவர் இடுப்பளவு ஏறியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொத்தனாரின் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு நேராக ஹாலுக்குள் போனேன். மேலே கம்பி நிற்கும் மூலைக்கு நேர் கீழே பூச்சைக் கொத்தினேன். அம்மா ஐயோ ஐயோ என்று ஓடி வந்தாள். நான் நிறுத்தவில்லை. பூச்சு உதிர்ந்தது, செங்கல் தெரிந்தது. செங்கலையும் உடைத்தேன். உள்ளேயும் செங்கல்தான். கம்பியும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை.

கொத்தனார் எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. “அய்யாவக் கேட்டுக்கங்க,” என்று முனகிவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா வந்து ஓட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் திகைப்பே இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஒங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாம? கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்னைக்கு மூலைக்கு மூலை கம்பிய வளைச்சுச் சொருகச் சொன்னதே நாந்தான். பில்லர் போட நமக்கு வழி ஏது? கம்பி இல்லாம மொட்டையா நின்ன வீட்டுக்கு ஒன்னயப் பாக்க எவன் வந்திருப்பான்?”

அழுகையும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன. எனக்காகத்தான் அந்தப் பொய்யைக் கூரையில் நட்டு வைத்திருந்திருக்கிறார். அதற்காக அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, சட்டையைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது.

“பொய்யின்னு தெரிஞ்சும் அதுமேல தம்பியப் படுக்க வைப்பீகளா?”

“வெத்தல பாக்கு மாத்தியாச்சு,” என்றார். வெளியே போய்க் கலவையும் கரண்டியும் எடுத்து வந்து, நான் உடைத்த ஓட்டையைத் தன் கையாலேயே அடைத்துப் பூசினார். தம்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, கல்யாண நேரத்துல எதையாச்சும் கெளப்பாத,” என்றான்.

கல்யாணம் நடந்தது. மல்லாங்கிணற்றுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், மாடி இருந்தது, மனம் குளிர்ந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் விரிசல் காலண்டரைத் தாண்டி, கூரையைத் தொட்டு, மாடிச் சுவரிலும் ஏறிவிட்டது. என் மகளை அந்த வீட்டில் ஓர் இரவுகூட நான் தங்க விடுவதில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம். இருக்கட்டும்.

போன மாதம் போயிருந்தேன். தம்பி மனைவி மாசமாக இருக்கிறாள். துணி காயப்போடத் தம்பி மொட்டைமாடிக்குப் போனான், நானும் கூடவே ஏறினேன். புதுக் கூரையின் மூலைக்கு மூலை புதுக் கம்பிகள், புதுப் பாட்டில்கள்.

“எதுக்குடா இது?” என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

“என்னக்கா இப்பிடிக் கேக்க? பொம்பளப் புள்ளயாப் பொறந்துச்சுன்னா? நாளைக்குப் பாக்க வாரவுக அண்ணாந்து பாப்பாகல்ல?”

அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. கீழே இறங்கினேன். தம்பி மனைவி ஹால் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவளிடம் மட்டும் யாருமே சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அப்பா கட்டிலில் இருந்தார். அவர் முன்னாலேயே காலண்டரைக் கழற்றினேன்.

“இங்க பாரு தாயி. இந்தச் சுவத்துக்குள்ள ஒண்ணும் கெடையாது. பில்லரு இருக்குன்னு ஒங்க வீட்டுக்குக் காட்டுன கம்பி பூராம் பொய்யி. பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேல்ல, இவுக இந்த மாடிய எறக்கிட்டு ஒழுங்கா ஒரு வீடு கட்டுற வரைக்கும் பிள்ளையத் தூக்கிட்டு வந்துராத.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கீரையைக் கீழே வைத்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.