நியூட்ரலில் இறங்கிய டிராக்டர்

விடிந்ததிலிருந்து பிடுங்கிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, கொல்லிமலையிலிருந்து டிராக்டரில் இறங்கினேன். பக்கத்தில் மட்கார்டில் மனைவி. சீக்கிரம் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. டீசலும் மிச்சமாகுமே என்று, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல நியூட்ரலில் விட்டேன்.

வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். டிராக்டர் நிற்கப் பார்த்தது, டிரெய்லர் விடவில்லை. முழுப் பாரத்தோடு எங்களைப் பள்ளத்தை நோக்கித் தள்ளியது.

"ஏனுங்க, மலைப்பக்கம் ஒடிங்க!" என்று மனைவி அலறினாள். ஸ்டீயரிங்கை ஒடித்தேன். மண்மேட்டில் மோதி நின்றோம். ரோடெல்லாம் கிழங்கு. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

இப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று, இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியர் போட்டுவிடுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

மனைவிதான் இன்னும் நம்பவில்லை. "நீங்க மெதுவா வாங்க, நான் பஸ்ஸுல வாரேனுங்க" என்று மலைமேலேயே, சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறாள்.