சூளைக்குள் ஒரு பெட்டி ஒயின்

சூட்டை வெளியே விடாத சுவர் சில்லிப்பையும் வெளியே விடாது. இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எங்கள் ப்யூஸ் கட்டைப் பட்டறையை நடத்தியது நான். அவர் பேங்க் உத்தியோகத்துக்குப் போய்வந்தவர். சூளையைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்க அவருக்கு என்ன இருக்கிறது?

கேஸ் சூளை வந்தபின் பழைய கரிச் சூளை சும்மாக் கிடந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்து டைல்ஸ் தொழிற்சாலைக்குக் கிளேஸ் பூச்சு வேலை சொல்லிக்கொடுக்க ஓர் இத்தாலிக்காரர் வந்திருந்தார். எங்களிடம் மாதிரி சுட்டுப் பார்க்க வருவார். பேச்செல்லாம் அரைகுறை இங்கிலீஷில்தான். அவரிடம் ஒரு பெட்டி ஒயின் இருந்தது, பல வருடமாகச் சேர்த்தது. எங்கள் ஊர் வெயிலும் நினைத்தபோது போகிற கரண்டும் அதைப் பாழாக்கிவிடும் என்று மனிதர் புலம்பித் தீர்த்தார். அவர் நாட்டுப் பக்கம் பிறத்தியார் ஒயினை வாடகைக்குப் பாதுகாத்து, வேண்டுமென்றால் ஏலம் விட்டும் கொடுக்கிற கம்பெனிகள் உண்டாம்.

“இவ்ளோதானா? எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

கரி போடுகிற தீவாயில் ஜன்னல் ஏசியைப் பொருத்தினேன். மற்ற ஓட்டைகளை மண் வைத்து அடைத்தேன். மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளிலும் உள்ளே போட்ட தெர்மாமீட்டர் அசையவில்லை. குப்பியைப் படுக்கவைக்க வேண்டுமாம். பீங்கான் அடுக்குகிற தட்டிலேயே மணல் பரப்பிப் படுக்கவைத்தேன். வெளிநாட்டுக்காரர் என்பதால் அவருக்கு ஒயின் வைத்துக்கொள்ள பெர்மிட் இருந்தது. அதன் நகலைச் சூளைக் கதவிலேயே ஒட்டினேன்.

“ஊரே நம்மள சாராய யாவாரின்னு பேசப்போவுது” என்றார் கணவர்.

“பேசுனா பேசட்டும். சுட்ட சூளைய சில்லுனு வெச்சது இந்த ஊர்ல நான் ஒருத்திதான்.”

ஆடி மாதத்தில் இத்தாலிக்காரர் முகம் தொங்கிப்போய் வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செலவுக்காக அந்தப் பெட்டியை ஏலத்துக்குக் கொடுக்கப்போகிறார். அதில் ஒரு குப்பி மகள் பிறந்த வருடத்தது. அவள் கல்யாணத்தன்று திறக்கவே வாங்கினாராம். இப்போது அதுதான் அதிக விலை போகும். ஏலக் கம்பெனி ஆள் ஆயுத பூஜை முடிந்த கையோடு வருவார். சரியாகப் பாதுகாக்கவில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கினால் மொத்தப் பெட்டியும் போச்சு. பெண்ணைப் பெற்றவர் படுகிற பாடு எங்கே போனாலும் ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் நானே போய்ச் சூளையைப் பார்த்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறை முழுக்கக் கழுவி, மோட்டாரிலிருந்து மண் சலிக்கிற சல்லடை வரை சந்தனம், குங்குமம் வைத்தோம். பட்டறையில் கட்டைகளைக் கிளேஸில் முக்குகிற அக்கா சும்மா இருப்பாளா? சூளைக்குள்ளும் போயிருக்கிறாள். முன்னால் இருந்த குப்பியை ஈரத்துணியால் துடைத்து, லேபிள் நடுவில் ரூபாய்க் காசளவு சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்துவிட்டாள். அடுத்ததை எடுக்கும்போதுதான் நான் பார்த்தேன். முன்னால் இருந்தது எது? அந்தப் பெண் பிறந்த வருடத்துக் குப்பி!

“அடிப்பாவி! என்னக்கா பண்ணி வெச்சிருக்க?”

“தூசியா இருந்திச்சிம்மா. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்? தொடச்சிரட்டுமா?”

“கை வெச்ச, தொலைச்சிருவேன்!”

துடைத்தால் லேபிளே கையோடு வந்துவிடும். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒளித்துவைக்கிற புத்தி எனக்குக் கிடையாது. உடனே இத்தாலிக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “ஆள் வரட்டும்” என்றார்.

ஏலக்காரர் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து டாக்சியில் வந்தார். பொட்டு வைத்த குப்பியைத்தான் முதலில் அவர் கையில் கொடுத்தேன், நடந்ததையும் சொன்னேன். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்க்கிற வியாபாரி மாதிரியே ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கார்க்கைப் பார்த்தார், ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தார். சூளைச் சுவரையும் ரெண்டு தட்டு தட்டினார். கடைசியில், எல்லாமே நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். பொட்டு வைத்ததைத் தவிர. உள்ளே ஒரு குறையும் இல்லை, ஆனால் ஏலத்துக்கு வருகிறவர்கள் லேபிளைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

“அதோட நஷ்டம் என்னுது. நான் குடுத்துடறேன்” என்றேன் இத்தாலிக்காரரிடம்.

அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு அந்தக் குப்பியை வாங்கினார். பொட்டில் விரல் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கிச் சிரித்தார். மனிதருக்குத் தெரிந்த தமிழே ரெண்டு வார்த்தைதான்.

“நல்லா இருக்குது” என்றார்.

அடுத்த வருடம் கம்ப்யூட்டரில் கல்யாணப் போட்டோ வந்தது. வெள்ளை கவுனில் பெண், பக்கத்தில் மாப்பிள்ளை, அவர்களுக்கு முன்னால் மேசையில் பொட்டு வைத்த அந்தக் குப்பி, திறந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிளேஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“பொண்ணு நெத்தியிலதாம்மா பொட்டு இல்ல” என்றாள். “நல்லவேள, நான் அதுல வெச்சேன்.”