கிடாவின் இடது காது

என் பீரோவின் அடித்தட்டில், பழைய தலையணை உறைக்குள் ஒரு செம்மறிக்கிடாவின் முகம் இருக்கிறது. முகம் என்றால் தோல் மட்டும்தான்: நெற்றி, மூக்கு, உதடு, இரண்டு காது. கூடவே நாலு பாச்சா உருண்டை. வெள்ளிக்கிழமை தவறாமல் சவூதியில் தம்மாமிலிருந்து மச்சான் போன் போடுவார். "ஏட்டி, முகத்துக்கு எண்ணெ தடவினியா?" தன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மச்சான் என் அக்காவின் மாப்பிள்ளை. அவர் ஒரு வேலையைத் தொடங்கினால் தெருவே சேர்ந்து அதை முடித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய உம்மாவுக்கு, எங்கள் மாமிக்கு, சர்க்கரையால் கண் போய்விட்டது என்று தம்மாம் வேலையை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தார். அந்த வருடப் பக்ரீத் குர்பானிக்கென்று வாங்கிய கிடாக்குட்டியை மாமிதான் வளர்த்தாள். அவள் அதைப் பார்த்ததே இல்லை. இடது காதைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கும் தொழுவுக்கும் நடப்பாள். யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்று சொல்ல முடியாது. பெருநாளுக்கு முந்தின நாள் மகனைக் கூப்பிட்டு, "அல்லாவுக்குன்னு சொன்னது, குடுத்துருவோம். முகத்த மட்டும் எனக்கு வச்சுத் தாலே. போட்டோ எடுத்துத் தந்தா எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

அவ்வளவுதான், மச்சானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாலைந்து வீடியோ பார்த்தார். பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டார். தோலைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, உள்ளே எதையாவது அடைத்து உருவம் செய்யவும் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். மச்சான் பனவடலிசத்திரம் பக்கம் போய், தோல் பதனிட ஒரு சாக்கு ஆவாரம்பட்டை கொண்டுவந்தார். படிகாரமும் கல்லுப்பும் வாங்கினார். தலையைத் தோலோடு வாட்டினால்தானே தலைக்கறிக்கு ருசி? அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழாத குறை. மச்சான் காதிலேயே வாங்கவில்லை.

பெருநாளன்று அறுத்து முடித்ததும், உடம்புத் தோல் மதரசாவுக்குப் போனது. தலை மட்டும் அக்கா வீட்டுக் கொல்லைக்கு வந்தது, என் கத்தரிக்கோலும் வந்தது. நான் பிளவுஸ் தைக்கிறவள். துணி தவிர வேறெதையும் தொடாத கத்தரிக்கோல் அது. மச்சான் அதைக் கேட்காமல் எடுத்து உதட்டின் உள்பக்கத்தை ஈறோடு வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவர் கை நன்றாகவே ஓடியது. பிடரியிலிருந்து கீறி, கொம்புகளின் அடியைச் சுற்றி எலும்போடு ஒட்டி அறுத்தார். இமை கிழியாமல் இருக்க, கண்குழிக்குள் விரலைக் கொடுத்துக்கொண்டே கத்தியை விட்டார். தோல் ஓட்டை விழாமல் கழன்று வந்தது. அப்புறம் ஈரமான அந்த முகத்தை என் மடியில் போட்டார்.

"காது உன் வேலை. உள்ள குருத்தெலும்பு இருக்கும். காத உள்புறமாத் திருப்பி அத எடுத்துரணும், இல்லைன்னா உப்பு ஏறாது, முடி கொட்டிரும். பிளவுஸ் நாடாவத் தச்சுத் திருப்புற கைதானே உனக்கு?"

பெருநாள் புதுச்சேலையில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பை உள்ளே விட்டுத் தள்ளித் தள்ளி வலது காதைத் திருப்பினேன். ஒரு மணி நேரம் போனது. பிரியாணி ஆறிவிட்டது. கடையநல்லூரிலிருந்து விருந்தாட்கள் வந்து இறங்கினார்கள். மச்சான் நிழலில் நின்று, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கத்தரிக்கோலின் மேல் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. இடது காதை நான் திருப்பவில்லை. மேலாக உப்பை அள்ளித் தேய்த்து, "முடிஞ்சுது மச்சான், ஆள விடுங்க" என்று எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. உப்பு, மறுபடி உப்பு, படிகாரத் தண்ணீர், ஆவாரம்பட்டைச் சாறு; குளிக்கிற வாளியில்கூட முகம் மிதந்தது. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி, நாற்காலி முதுகில் போட்டு இழுத்து இழுத்து மெத்தென்று ஆக்கி, மாமி கையில் கொடுத்தார்.

மாமி மூக்கிலிருந்து தடவிக்கொண்டே போனாள். கொம்பிருந்த துளைகளில் விரல் விட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பழக்கத்தில் இடது காதைப் பிடித்தாள். அது சுட்ட அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. பிடித்த இடத்தில் முடி கையோடு வந்தது. "இந்தக் காது ஏம்லே இப்படி இருக்கு?" என்றாள்.

"உப்பு பத்தல உம்மா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் மச்சான். நான் வாசல்படியில்தான் நின்றேன்.

மவுத்தாகும்வரை மாமி அதை மடியில் வைத்திருந்தாள், வலது காதைப் பிடித்தபடி. அந்தப் பக்கம் அவளுக்குக் கை பழகவேயில்லை. அவள் போன பிறகு மச்சான் மறுபடி தம்மாமுக்குப் போனார். அக்கா அந்தத் தோலை வீட்டில் வைக்க மாட்டேன் என்றாள். அதனால் அது என் பீரோவுக்கு வந்தது, வெள்ளிக்கிழமை விசாரணையோடு.

போன வாரம் பொறுமை போய்க் கத்திவிட்டேன். "எத்தன தடவ மச்சான் சொல்லுதது? தடவிட்டேன், ரெண்டு காதுக்கும் தடவிட்டேன்!"

"இடது காதுக்கு எதுக்குட்டி எண்ணெய வீணாக்குத? உள்ள குருத்தெலும்பு அப்படியே கெடக்கே, அதுல எங்கன எறங்கும்?" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார்.

அந்தக் காதுக்குள் என்ன இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு, தலையணை உறையிலிருந்து முகத்தை எடுத்து மடியில் போட்டேன். இடது காதுக்குத்தான் முதலில் எண்ணெய் தடவினேன். அது இறங்கவில்லை.