முளைத்த தரை

மாமா சக்கரத்தின் மேல் வீடு கட்டுகிறார் என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்த தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் நான் மூன்றாம் வகுப்புச் சிறுமி. மாமா என் அம்மாவின் தம்பி. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்வீடுதான் அவருடையது. ஸ்ரீபெரும்புதூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. கடையில் பொட்டலம் மடித்துக் கொடுத்த வெளிநாட்டுப் புத்தகத் தாளில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் குட்டி வீடு ஒன்றைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. அதே மாதிரி ஒன்றைக் கட்டி, அப்பாவின் டிராக்டரில் மாட்டி, அத்தையை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கடலோரம் தங்க வைக்க வேண்டும்.

மாமாவின் மனைவியான அந்த அத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. யாரோடும் பேசுவதில்லை, கண்ணை மூடுவதே இல்லை என்று அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வாள். பிறந்த குழந்தை தங்கவில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கவலையெல்லாம் கடல்.

பழைய தண்ணீர் டேங்கரின் அச்சும் சக்கரமும் அடியில். தொழிற்சாலைக்கு மிஷின் வந்த மரப்பெட்டிகளின் பலகை, சுவர். அதில் குடை ஒன்றும் கண்ணாடிக் கோப்பை ஒன்றும் கறுப்பு மையில் அச்சாகியிருந்தன. மழை வந்தால் அந்தக் குடை தானாக விரியும் என்று நான் நம்பினேன். கூரை தகரம். தரை இரும்புத் தகடு.

தரைதான் வம்பு செய்தது. பார்க்க வந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்ததுமே இறங்கிவிட்டாள்.

"இன்னாடா இது, ஐஸு மேல நிக்கிற மாதிரி கீது. பச்ச ஒடம்புக்காரிய இதுலயா படுக்க வெக்கப் போற?"

மாமா முதலில் சாக்கை விரித்தார். ஈரத்தை இழுத்துக்கொண்டு நாறியது. பட்டறைக்கு வந்த பெட்டிகளிலிருந்து தெர்மாகோல் கொண்டுவந்து பரப்பிப் பலகை போட்டார். அடி வைத்தால் கீச், திரும்பினால் கீச். பிள்ளைகள் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது, மாமா முகம் செத்துவிட்டது. பிறகு ஒரு நாள் பாதிச் சோற்றில் எழுந்து எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் கேட்டார்.

"ஐஸ் கம்பெனில பாளத்த உமிலதான பொதச்சு வெக்கிறான்? உள்ள கீற குளுர வெளிய வுடாதது, வெளிய கீற குளுர உள்ள வுடுமா மாமா?"

அப்பாவே ஒப்புக்கொண்டார். ஆனால் உமி வாங்கக் குன்றத்தூர் மில்லுக்குப் போவானேன் என்று, களத்தில் குவிந்துகிடந்த பதரைக் காட்டினார். மாமாவுக்கு லேசான சந்தேகம். "நெல்லு கில்லு கலந்துகினு இருக்கப் போவுது" என்றார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் தூத்துன பதர்ல ஒரு மணி எடுத்துக் காட்டு, பாக்கலாம்!"

மாமா கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தார். தகட்டின் மேல் பதரைக் கொட்டி, நாங்கள் குதித்து மிதித்து, மேலே பலகை அடித்தாயிற்று. நான்தான் முதலில் படுத்தேன். கீழே கதகதவென்று இருந்தது. கண்ணை மூடினால் வீடு நகர்ந்தது, குடையும் கோப்பையும் கூடவே வந்தன, தூரத்தில் அலை இரைந்தது. அப்படி ஒரு பயணத்தை நான் பிறகு எந்த ரயிலிலும் போனதில்லை.

கிளம்ப இருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஐப்பசி முழுக்கப் பெய்தது. கூரையில் ஆணி அடித்த ஓட்டைகள் ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. மழை விட்டபிறகு கதவைத் திறந்தால், பலகை இடுக்கெல்லாம் கோடு போட்ட நோட்டு மாதிரி வரிவரியாக நெல் முளைத்திருந்தது. ஓரங்களில் பச்சை, இருட்டு மூலையில் வெளுத்த மஞ்சள்.

"குருவி கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார் அப்பா. அவர் கண் எங்களைப் பார்க்கவில்லை.

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கடப்பாரையை எடுத்து வந்து முதல் பலகையை நெம்பினார். ஆணி கிறீச்சிட்ட சத்தத்துக்குப் பின்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை, தலைகூட முடியாமல், தூறலில் நடந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மண்டியிட்டு, நாற்றுகளின் நுனியில் உள்ளங்கையை ஓட்டினாள்.

"பிச்சிப் போட்றாத" என்றாள் மாமாவிடம். "வேரு அறாம எடு. நட்டா வரும்."

மாமா கடப்பாரையை வைத்துவிட்டார்.

அப்படித்தான் அந்த வீடு முதல் முறையாகக் கிளம்பியது. மகாபலிபுரத்துக்கு இல்லை, ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் வயலுக்கு. அப்பா மாட்டு வண்டியைவிட மெதுவாக டிராக்டரை ஓட்டினார். வயலோரத்தில் நிறுத்தி, மாமா பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அத்தை பதரோடு சேர்த்து நாற்றைப் பிரித்து எடுத்து நீட்ட, சேறென்றாலே முகம் சுளிக்கிற மாமா முழங்கால் சேற்றில் நின்று வாங்கி நட்டார். கோணல்மாணலாகத்தான் நட்டார். அப்பா, கண்டிப்பாகத் திருத்துகிறவர், திருத்தவில்லை.

நட்டு முடித்ததும் அத்தை கால் கழுவிக்கொண்டு சக்கர வீட்டுக்குள் ஏறினாள். பதர் போய், பலகை போய், இரும்புத் தகடு வெறுமனே கிடந்தது. அதன் மேலேயே ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகக் கேட்டது.

அம்மா தன் முந்தானையைப் போர்த்தப் போனவள், அசைந்தால் விழித்துவிடுவாளோ என்று திரும்பி வந்தாள். அப்பா டிராக்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மாமா சேற்றுக் காலோடு, கழுவக்கூடப் போகாமல், கதவருகே நின்றார். பொழுது சாயும் வரைக்கும் ஒருவரும் அங்கிருந்து நகரவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கடலும் இல்லை, ஒன்றும் இல்லை. படுத்துத் தூங்குவதற்கா இத்தனை பாடு, அதை வீட்டிலேயே செய்திருக்கலாமே என்று அம்மாவிடம் கேட்டேன்.