என் மகள் வாய் திறந்த ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, 1988 ஆகஸ்ட் மாதம் என் மனைவி எஸ்தர் மரித்துப்போனாள். வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை.

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெபராணி. ஒன்பது வயது. அடக்கத்தன்று அவள் அழவில்லை. "தைரியமான புள்ள" என்றார்கள். நானும் நம்பினேன்.

பிறகு பேச்சு நின்றது. சாப்பாடு குறைந்தது. பள்ளிக்கூடத்திலும் தலைகுனிந்தே இருக்கிறாள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நவம்பரில் ஒரு மாலை, ஷிப்டு முடிந்து வந்த என்னைப் பக்கத்து வீட்டு மாரியம்மாள் வழியிலேயே நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்க புள்ள கெணத்துக்குள்ளயே பாத்துக்கிட்டு நிக்கா. ஏன்னு கேட்டா, அம்மாகிட்ட போணுங்கா. தனியா விடாதீய."

ஓடிப்போய் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. அவளை விட்டு அகலவில்லை. தெரிந்த ஜெபமெல்லாம் ஜெபித்தேன். வானம் அடைத்துக் கிடந்தது.

அந்த வாரம் ஞாயிறு ஆராதனைக்குப் போகத் தெம்பில்லை. வீட்டிலேயே முழங்கால் போட்டேன். அதுவரை மகள் முன்னால் எஸ்தர் பேரை எடுத்ததில்லை, அழுததுமில்லை. அன்று அடக்க முடியவில்லை.

"ஆண்டவரே, எஸ்தரத்தான் எடுத்துக்கிட்டீர். இந்தப் புள்ளையயாவது எனக்குத் தாரும். அது மனசுல என்ன இருக்குன்னே தெரியலையே!"

என் முதுகில் ஒரு கை பட்டது.

"அப்பா, எனக்கு வந்த அம்மைதானப்பா அம்மாவுக்கு ஒட்டுச்சு? நான்தானப்பா கொன்னுட்டேன்?"

எஸ்தர் நோயில் படுப்பதற்கு முந்தின வாரம் இவளுக்கு அம்மை போட்டிருந்தது. துக்கத்துக்கு வந்த யாரோ, "மககிட்ட இருந்து தாய்க்கு ஒட்டிருச்சு" என்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பாரத்தைப் பிள்ளை தனியே சுமந்திருக்கிறது.

மறுநாளே பஸ் ஏறி, எஸ்தரைப் பார்த்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர்கள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒங்க அம்மாவுக்குக் குடல்வால் வெடிச்சுப்போச்சு. அது ஒட்டுற நோயே இல்ல. ஒன்னால எதுவும் நடக்கலம்மா" என்றார்கள். ஜெபராணி அங்கேயே கதறினாள். தாய் போன பிறகு அவள் அழுத முதல் அழுகை அது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிடும் நாட்கள் இருந்தன. டாக்டரம்மா சொன்னபடி மாதாமாதம் கூட்டிப்போனேன். நான் திரும்ப வேலைக்குப் போனபோது மாரியம்மாள் அவளைத் தன் பிள்ளைகளோடு வைத்துக்கொண்டாள். கல்லறைக்குப் போய் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம். மறுவருஷம் ஒருநாள், "அப்பா, கொழம்புல உப்பே இல்ல. அம்மா இருந்தா ஏசியிருப்பாக" என்றாள். அடுப்படியில் நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆகஸ்ட் வந்தால் இன்றும் சோர்ந்துபோவாள். ஆனால் அதை என்னிடம் சொல்லுகிறாள்.

ஆண்டவர் எஸ்தரைத் திருப்பித் தரவில்லை. பிள்ளையின் வாயைத் திறந்தார். அதற்கே என் ஆயுசெல்லாம் நன்றி சொல்லுவேன். தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? அழவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதை அருகில் வைத்து, போனவரின் பேரைச் சொல்லி, வாய்விட்டு ஜெபியுங்கள். ஆண்டவர் கேட்பார். பிள்ளை பேசும்போது நீங்களும் கேளுங்கள்.